வெள்ளிக்கு ஒரு ராத்திரி டிக்கெட்

டிசம்பர் 30 என்றால் கடலூர்க்காரர்களுக்கு 'தானே' புயல்தான். 2011-ல் அன்று காலை கரையேறி, மாவட்டத்தையே புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், 2010 டிசம்பர் 30 அன்று, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஓர் ஓட்டல் அறையில் ஒருவர் இறந்து கிடந்தார். பெயர் பாபி ஃபாரல். வயது 61. முதல் நாள் ராத்திரிகூட மேடையில் ஆடியிருந்தார்.

யார் இந்த ஃபாரல் என்கிறீர்களா? 'போனி எம்' குழுவில் பளபள உடையும் புதர் மாதிரி தலைமுடியுமாகச் சாமி வந்தவர் போல ஆடுவாரே, அவரேதான். அவரை உலகம் நினைவில் வைத்திருக்கும் பாட்டு 'ரஸ்புடின்'. ரஷ்ய அரச குடும்பத்தை ஆட்டிவைத்த அந்தச் சாமியார் கொலையானதும் இதே ஊரில், இதே டிசம்பர் 30-ல், 1916-ல். வெறும் தற்செயல்தான். இதற்கும் நம்ம ஊர் புயலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் என் தலைக்குள் இரண்டும் ஒரே தேதியில் மாட்டிக்கொண்டு விட்டன. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கடைத்தெருவில் 'போணி' என்றால் அன்றைய முதல் வியாபாரம். அதனாலோ என்னவோ, எங்கள் பக்கத்தில் 'போனி எம்' என்ற பெயர் யாருக்கும் அந்நியமாகவே படவில்லை. பையன்கள் இரண்டையும் ஒட்டி 'போனியம்' என்பார்கள். ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டை நீட்டி, "ஒரு சைடு இளையராஜா, ஒரு சைடு போனியம்" என்றால் போதும். சாயங்காலம் ரெடி.

நான் கேட்டது கடையில் அல்ல, கல்யாணத்தில். திருவந்திபுரம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். கெடிலக் கரையில் தேவநாதப் பெருமாள். பக்கத்திலேயே ஔஷதகிரி என்கிற குன்றின் மேல் ஹயக்ரீவர். ஆவணி முகூர்த்த நாளில் ஒரு கல்யாணத்துக்கும் இன்னொரு கல்யாணத்துக்கும் நடுவில் கை நுழைக்க இடம் இருக்காது. அப்பா ஒரு கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு வேறு கல்யாணத்துப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார் என்பதெல்லாம் எங்கள் ஊரில் சாதாரண நகைச்சுவை.

1980-களில் அந்தக் கல்யாணங்களின் ஹீரோ மாப்பிள்ளை இல்லை, மைக் செட் அண்ணன். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அப்புறம் டி.எம்.எஸ். அப்புறம் இளையராஜா. பந்தி ஆரம்பித்து, பெரியவர்கள் கவனமெல்லாம் இலைக்குப் போன நேரம் பார்த்து, அண்ணன் மெதுவாக ஒரு கேசட்டைச் சொருகுவார். மெஷின் பேசுகிற மாதிரி ஒரு குரல். பயணிகளை வரவேற்கும். எண்களைத் தலைகீழாக எண்ணும். பிறகு டிரம்ஸ் அதிரும். தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரிலிருந்து அது கெடிலத்தைத் தாண்டிப் போகும்.

'நைட்ஃப்ளைட் டு வீனஸ்'. வெள்ளிக் கிரகத்துக்கு ராத்திரி விமானம். 1978-ல் வந்த ஆல்பத்தின் முதல் பாட்டு. (நானும் அந்த வருஷத்து மாடல்தான்.) ஆங்கிலம் எங்களில் ஒருவனுக்கும் விளங்கவில்லை. விவரம் தெரிந்த ஒரு காலேஜ் அண்ணன் விளக்கிச் சொன்னதும் விஷயம் மட்டும் பிடிபட்டது: பெரியவனானதும் நாம் எல்லோரும் வெள்ளிக்குப் போகிறோம். டிக்கெட்டை எங்கே கொடுப்பார்கள் என்பதுதான் பாக்கி. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனிலா, சிதம்பரத்திலா? சிதம்பரம் ஆகாயத் தலம், ஆகவே ஆகாயத்துக்கு அங்கேதான் டிக்கெட் என்று கட்சி கட்டியவன் இப்போது ஒரு வங்கியில் மேனேஜர்.

இன்றைக்கு அந்தப் பாட்டு எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் மாதம் ஒரு முறையாவது வருகிறது. கூடவே நாலு அழுகிற பொம்மைகள், "அந்தக் காலம் மாதிரி வருமாடா" என்று ஒரு வரி. எனக்கும் தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

என் கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. எதற்காக அடைக்கிறது?

'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உருவாக்கியவர் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். 1688-ல், ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில். கிரேக்கத்தில் 'வீடு திரும்பல்', 'வலி' என்ற இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தது. வீட்டை விட்டு வெகு தூரம் போனவர்களைப் பிடித்து ஆட்டுகிற ஏக்கத்துக்கு அவர் வைத்த பெயர் அது. கவனியுங்கள், அன்று அது கவிதை விஷயம் இல்லை, வியாதி. மருந்து? ஊருக்கு அனுப்பிவிடுவதுதான்.

சரி. விட்டு வந்த வீட்டுக்காக ஏங்கலாம். போயே சேராத கிரகத்துக்காக எப்படி ஏங்குவது? எனக்குப் பாட்டியின் அதிரசம் மேல் ஏக்கம் இருந்தால் புரிந்துகொள்ளலாம். தின்றிருக்கிறேன். வெள்ளிக்கு நான் போனதில்லையே. இந்த வியாதிக்கு எந்த ஊருக்கு அனுப்பி வைப்பார்கள்?

அதுவும், அந்த டிக்கெட்டே போலி. பாட்டு வருவதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே, 1970-ல், சோவியத்தின் வெனெரா-7 வெள்ளியில் இறங்கி, அங்கே ஈயமே உருகிவிடும் சூடு என்று சொல்லிவிட்டது. 1982-ல் இறங்கிய வெனெரா-13 வண்ணப் படங்கள் அனுப்பியது. வெப்பம் சுமார் 460 டிகிரி. காற்றழுத்தம் நம்மூர் மாதிரி 90 மடங்கு. மேகமெல்லாம் கந்தக அமிலம். அந்த இரும்பு யந்திரமே 127 நிமிஷம்தான் தாக்குப்பிடித்தது. சரிகை வேட்டி கட்டிய எங்கள் கோஷ்டி எத்தனை விநாடி தாங்கியிருக்கும் என்பதை உங்கள் கணக்குக்கே விடுகிறேன்.

டிக்கெட் விற்ற ஆளிடமும் வில்லங்கம். பாபி ஃபாரல் அந்த ரெக்கார்டுகளில் பாடவே இல்லை. அந்தக் கனமான ஆண் குரல், குழுவை உருவாக்கிய ஜெர்மன் தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியனுடையது. நான்கு பேரில் லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும்தான் ரெக்கார்டுகளில் பாடியவர்கள். ஃபாரலும் மெய்ஸி வில்லியம்ஸும் மேடைக்கு. இதே ஃபாரியன் பின்னாளில் 'மில்லி வனில்லி' என்று இரண்டு இளைஞர்களை வைத்து இதையே செய்தார். 1990-ல் அவர்களுக்கு கிராமி விருது கிடைத்தது. பாடியது அவர்கள் இல்லை என்று தெரிந்ததும், அதே வருஷம் விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மேற்கு உலகமே கொதித்தது.

நமக்கு இதில் அதிர்ச்சியே வராது. டி.எம்.எஸ். பாட, எம்.ஜி.ஆர். வாயசைத்தார். அதே டி.எம்.எஸ். பாட, சிவாஜியும் வாயசைத்தார். யார் கோர்ட்டுக்குப் போனார்கள்? இரவல் குரலில் நமக்கு ஒரு பிரச்னையும் இல்லை. ஏன் என்று யோசித்தால் ஒரு நல்ல நியாயம் அதில் இருக்கிறது. இசைத்தட்டில் 'பாடியவர்: டி.எம்.சௌந்தரராஜன்' என்று அச்சடித்திருக்கும். பாடியவருக்குப் பெயர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரவல் வாங்குவது குற்றமில்லை. யாரிடம் வாங்கினோம் என்பதை மறைப்பதுதான் குற்றம். இந்த நியாயத்தை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

டிக்கெட் போலி, விற்றவர் வாயசைத்தவர். அப்படியும் ஏக்கம் மட்டும் அசலாக இருக்கிறது. அப்படியானால் நான் ஏங்குவது வெள்ளிக்கும் இல்லை, போனி எம்முக்கும் இல்லை. வேறு எதற்கோ.

அந்தக் கூம்பு ஸ்பீக்கரைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அது யாருக்காகப் பாடியது? ஊருக்காக. கல்யாணத்துக்கு வந்தவனுக்கும் கேட்டது, வராதவனுக்கும் கேட்டது. ஆற்றில் மாடு கழுவிக்கொண்டிருந்தவனுக்கும் கேட்டது. (பரீட்சைக்குப் படித்தவர்களும் காய்ச்சலில் படுத்திருந்தவர்களும் மனசுக்குள் சபித்திருப்பார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.) வெள்ளிக்குப் போகிற சமாசாரம் அன்று ஒருத்தனுடைய சொந்த விஷயமாக இல்லை. 'நாம' போகிறோம். 'நான்' போகிறேன் என்று ஒருவன்கூட நினைக்கவில்லை. 2000-ம் வருஷம் எப்படி இருக்கும் என்று பேசிக்கொள்ளும்போதும் 'நாம்' என்றுதான் பேசினோம். எதிர்காலம் என்பது ஊர்க் குளம் மாதிரி பொதுச் சொத்து.

இன்றைக்கு அதே திருவந்திபுரத்தில், ஹயக்ரீவர் சந்நிதியில் பரீட்சைக்கு முன்னால் பேனாவை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். கல்விக் கடவுள். வேண்டிக்கொள்வதில் தப்பே இல்லை, எங்கள் வீட்டுப் பேனாவும் அங்கே போயிருக்கிறது. ஆனால் படியிறங்கும்போது காதில் விழுகிற பேச்சைக் கேளுங்கள். "பையன் ஃப்யூச்சர் என்ன ஆகுமோ." "பொண்ணு ஃப்யூச்சருக்கு ஏதாவது போட்டு வெச்சிருக்கீங்களா?" எதிர்காலம் இப்போது தலைக்கு ஒன்று. அவரவர் எதிர்காலத்துக்கு அவரவர் மாதத் தவணை. காதுக்குள் செருகிக்கொள்கிற இயர்போன் மாதிரி. என் பாட்டு உனக்குக் கேட்காது, உன் பாட்டு எனக்குக் கேட்காது. தொந்தரவு இல்லைதான். ஆனால் ஒரே பாட்டைக் கேட்கிற நாலு பேர் இல்லாமல் போய்விட்டார்கள்.

உதாரணம் வேண்டுமா? 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை வெள்ளிக் கிரகத்துக்கு ஒரு விண்கலம் அனுப்ப ஒப்புதல் கொடுத்தது. 1,236 கோடி ரூபாய். 2028 மார்ச்சில் ஏவுவதாகத் திட்டம். இறங்காது, சுற்றிவந்து ஆராயும். இருந்தாலும் வெள்ளி! நாங்கள் திருவந்திபுரத்தில் வாய் பிளந்து கேட்ட அதே வெள்ளி! ஆர்வமாக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். போனி எம் பாட்டுக்கு நாற்பது அழுகை பொம்மைகள் போட்ட கூட்டத்திலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. பிறகு நம்ம வங்கி மேனேஜரிடமிருந்து ஒரு கேள்வி: "இதனால எந்த ஷேர் ஏறும்?"

அவனைக் குறை சொல்லவில்லை. நியாயமான கேள்வி. அதே செய்தியை அவனுடைய எட்டாவது வயதில் சொல்லியிருந்தால் என்ன கேட்டிருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

அப்படியானால் தொண்டையை அடைப்பது என்ன என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. எதிர்காலம் எங்கும் போய்விடவில்லை. கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம், 2023-ல் நிலாவின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் சந்திரயான்-3 இறங்கியது. வாக்குக் கொடுத்ததில் பலதும் டெலிவரி ஆகிவிட்டது. வராமல் போனது 'நாம'தான்.

இப்படி எழுதி முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர் குறுக்கே விழுவார். கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் ரோட்டில் உள்ள ஒரு கிராமத்துக்காரர். "யோவ், யாருய்யா அந்த 'நாம'? ஸ்பீக்கர் சத்தம் எங்க தெருவுக்கும் கேட்டுச்சு. பந்தியில எங்களுக்கு எலை போட்டாங்களா? சத்தம் பொது. சோறு பொது இல்லை."

அவர் கேட்பதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. அவர் ஊர்ப் பக்கம்தான் 1980-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. ரசாயனத் தொழிற்சாலைகள். எதிர்காலம் வந்து இறங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டவுனில் இருந்த எங்களுக்கு வேலை வந்தது, கடைகளுக்கு வியாபாரம் வந்தது. குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து மக்களுக்கு மூக்கை எரிக்கும் காற்று வந்தது. நிலத்தடி நீர் கெட்டது. எத்தனையோ மனுக்கள். கடைசியில் 2004 வாக்கில் அந்த மக்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, அதில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். காற்றில் விஷ ரசாயனங்கள் இருப்பது காகிதத்தில் வந்தது. காற்றைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியவர்கள் அவர்கள்.

ஓரமாக வைக்கச் சொன்ன நியாயத்தை இப்போது எடுங்கள். எங்கள் பளபள எதிர்காலத்துக்கு வாயசைத்தது நாங்கள். பின்னணி பாடியது யார்? அவர்கள் பெயர் எந்த இசைத்தட்டில் அச்சாகியிருக்கிறது?

அந்தப் போனி எம் ஆல்பத்திலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. முதல் பக்கம் வெள்ளிக்குப் போகிறது. திருப்பிப் போட்டால் இரண்டாவது பக்கம் ஆரம்பிப்பது 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. இங்கிலாந்தில் மட்டும் இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற பாட்டு. நாம் அதற்கும் சந்தோஷமாகக் கை தட்டி ஆடினோம். அது ஆட்டப் பாட்டே இல்லை. பைபிளின் சங்கீதத்திலிருந்து எடுத்தது. நாடு பறிபோய், சிறைப்பட்டு, அந்நிய ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறவர்களின் புலம்பல். முதலில் பாட்டாக்கியவர்கள் ஜமைக்காக்காரர்கள். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் வாரிசுகள். போனி எம்மின் நால்வரும் அதே கரீபியன் தீவுகளில் பிறந்து ஐரோப்பாவுக்குப் பிழைக்க வந்தவர்கள்தான். ஒரு பக்கம் எதிர்காலம், மறுபக்கம் அதற்கு விலை கொடுத்தவர்களின் அழுகை. ஒரே கேசட். நாம் முதல் பக்கத்தை மட்டுமே தேய்த்துக் கேட்டோம்.

ஆகவே இந்த ஏக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா? போலி, பாதிப் பேருடைய சந்தோஷம் என்று ஒதுக்கிவிடலாமா?

நான் படித்தது பி.காம். முதல் வருஷத்திலேயே ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். வாடிக்கையாளரிடம் அட்வான்ஸ் வாங்கினால் அதை லாபத்தில் எழுதக் கூடாது. சொத்துப் பக்கத்திலும் எழுதக் கூடாது. பொறுப்புகள் பக்கம் எழுத வேண்டும். கையில் பணம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் சரக்கை இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கிற வரைக்கும் அது கடன்.

குழந்தைப் பருவத்தில் நமக்குக் கிடைத்த அந்த 'நாம எல்லோரும் போறோம்' என்கிற நம்பிக்கை ஓர் அட்வான்ஸ். நாம் அதைச் சொத்துப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அவ்வப்போது எடுத்துத் துடைத்துப் பார்த்து அழுகிறோம். தப்பு ஏக்கத்தில் இல்லை, எழுதிய பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தை மாற்றி எழுதினால் அதே ஏக்கம் வேறு மாதிரி பேசும். 'எவ்வளவு நல்லா இருந்தது' என்பது போய், 'யாருக்குப் பாக்கி வெச்சிருக்கோம்' என்று கேட்கும். அன்று இலை போடப்படாதவருக்குப் பாக்கி. வாளியில் காற்றைப் பிடித்தவர்களுக்குப் பாக்கி. உலகம் அழிவதைப் பற்றிய சினிமாக்களை மட்டுமே பார்த்து வளர்கிற நம் பிள்ளைகளுக்கும் பாக்கி. அவர்களிடம் போய் 'எங்க காலத்துல வெள்ளிக்கே போறதா இருந்தோம்' என்று பெருமையடிக்கிறோமே, அட்வான்ஸை வாங்கித் தின்றுவிட்டு ரசீதை ஃப்ரேம் போட்டுக் காட்டுகிற வேலை அது.

ஹோஃபர் ஏங்குகிறவனை ஊருக்கு அனுப்பச் சொன்னார். இந்த ஏக்கத்துக்கும் அதுதான் மருந்து என்று நினைக்கிறேன். போக வேண்டியது பழைய ஊருக்கு இல்லை, இதுவரை யாரும் கட்டி முடிக்காத ஊருக்கு. எல்லோருக்கும் இலை போடுகிற ஊர்.

டிசம்பர் 30-க்கு வருகிறேன். தானே புயல் பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியையும் பலாவையும் வேரோடு பிடுங்கிப் போட்டது. தாத்தா காலத்துப் பலா மரங்கள் ரோட்டில் குறுக்கே கிடந்தன. அடுத்த மழைக்கெல்லாம் அங்கே ஒரு தோட்டத்தில் கன்று வைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர்.

"இது காய்க்க எத்தனை வருஷம் ஆகும் ஐயா?"

"ஒட்டுக் கன்னுன்னா அஞ்சு வருஷம். விதைக் கன்னுன்னா இன்னும் கூட ஆவும்."

கொஞ்சம் தயங்கிவிட்டு, பழம் சாப்பிட அவர் இருப்பாரா என்பதை நாசூக்காகக் கேட்கப் பார்த்தேன். அவர் மண்ணை மிதித்துக்கொண்டே சிரித்தார்.

"எனக்கு சர்க்கரை தம்பி. நாளைக்கே காய்ச்சாலும் திங்க முடியாது."

வெள்ளி உடை இல்லை, டிரம்ஸ் இல்லை, தலைகீழாக எண்ணுகிற மெஷின் குரலும் இல்லை. ஆனால் நான் பார்த்ததிலேயே எதிர்காலத்தை நம்பிய ஆள் அவர்தான். அந்தப் பக்கத்தில் தானேக்குப் பிறகு வைத்த கன்றுகளெல்லாம் இப்போது காய்க்கிற மரங்கள்.